ட்ரெயிலர் ஹிட்ச்சுக்கு ஒரு பூட்டு காணுமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான்: புல்வெட்டும் வேலைக்காக 6க்கு 12 அடி, ஒற்றை அச்சு ட்ரெயிலர் ஒன்று வாங்கியிருக்கிறார். இரவில் அது கனடாவின் ஒன்ராறியோவில், மார்க்கம் நகரில் உள்ள வீட்டு டிரைவ்வேயில்தான் நிற்கும். கடையில் ஹிட்ச்சுக்கு, அதாவது வாகனத்தோடு ட்ரெயிலரைக் கொளுவும் இணைப்புக்கு, பூட்டு வைத்த 'பின்' (pin, உலோகக் கம்பி) ஒன்றைத் தந்து, "இதைப் போட்டால் காணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது காணுமா என்பது கேள்வி. சங்கிலியைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

காணாது. ஆனால் அந்தப் பின் வீண் சாமானும் இல்லை. அது எந்த நேரத்துக்கான பூட்டு என்பதைத்தான் கடையில் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ட்ரெயிலருக்கு இரண்டு நிலை உண்டு: வாகனத்தோடு பூட்டியிருக்கும் நிலை, கழற்றி விட்டிருக்கும் நிலை. முதல் நிலைக்கான பூட்டு இரண்டாவதற்கு உதவாது. பெரும்பாலானவர்கள் முதல் நிலைக்கான பூட்டை வாங்கிப் போட்டுவிட்டு இரவில் நிம்மதியாகப் படுக்கிறார்கள். நான் ட்ரெயிலர் திருத்துகிற வேலையில் இருக்கிறவன். களவு கொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் "என்ன பூட்டுப் போட்டிருந்தீர்கள்?" என்று கேட்டால், திரும்பத் திரும்ப இந்தப் பின்னைத்தான் காட்டுகிறார்கள்.

கள்ளன் என்ன செய்கிறான் என்று முதலில் பாருங்கள். காரைக் களவெடுக்கத் திறப்பு வேண்டும், இல்லாவிட்டால் அதன் கம்பியூட்டரை ஏமாற்ற வேண்டும். ட்ரெயிலருக்கு எஞ்சினும் இல்லை, திறப்பும் இல்லை. பின்னால் ட்ரெயிலரைக் கொளுவும் இரும்புப் பந்து பொருத்திய ஒரு பிக்கப் இருந்தால் போதும். பின்பக்கமாக வந்து நிற்பான், முன் ஜாக்கைச் சுற்றுவான், கப்ளர், அதாவது ட்ரெயிலரின் முனையில் பந்தைக் கவ்வும் வாய், பந்தின் மேல் இறங்கும், அதை மூடும் லாட்ச்சை அமத்துவான், போய்விடுவான். லைட் வயரைக்கூடச் செருக மாட்டான். எல்லாம் ஒரு நிமிஷ வேலை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலும், யாரோ வேலைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

இனி உங்கள் கையில் இருக்கும் பின்னுக்கு வருவோம். அது இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். மெல்லியதாக, கால் அங்குலம் அளவில் இருந்தால், கப்ளரின் மேலே உள்ள லாட்ச்சின் துளைக்குள் போகிற பின். விரல் தடிப்பில் இருந்தால், வாகனத்தின் பின்னால் உள்ள சதுரக் குழாயான ரிசீவருக்குள், பந்தைத் தாங்கும் பால் மவுண்டைப் பிடித்து வைக்கிற பின். 2 அங்குல ரிசீவருக்கு 5/8 அங்குலப் பின் வேண்டும். சின்னக் கார்களில் வரும் 1¼ அங்குல ரிசீவருக்கு 1/2 அங்குலம். அளவு மாறினால் பின் ஆடும், அல்லது உள்ளே போகாது.

வாகனத்தோடு பூட்டியிருக்கும்போது இந்த இரண்டு பின்களும் சேர்ந்துதான் வேலை செய்யும். லாட்ச்சை மட்டும் பூட்டினால், கள்ளன் ரிசீவரின் பின்னை உருவி, பால் மவுண்டோடு சேர்த்து ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போவான். அவனுக்கு அது இன்னும் வசதி, ஏனென்றால் அந்த மவுண்டைத் தன் ரிசீவருக்குள் செருகினால் காணும். ரிசீவரை மட்டும் பூட்டினால், லாட்ச்சைத் தூக்கி ட்ரெயிலரைக் கழற்றிவிடுவான். ஆகவே ஒன்றை வாங்கிய கையோடு மற்றதையும் வாங்குங்கள். ஒரே திறப்பில் திறக்கும் சோடியாகவே விற்கிறார்கள், இருபது முப்பது டொலர் வித்தியாசம்தான். வேலை நடக்கிற வீட்டின் முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்வளவில் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்துக்கும், கோப்பிக் கடையில் இறங்கும் பத்து நிமிஷத்துக்கும் உரிய பூட்டு இது. பகலில்தான் ட்ரெயிலர் அதிகம் கவனிப்பாரற்று நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இரவில் கழற்றி விட்டபிறகு நிலைமை வேறு. லாட்ச்சை மூடிப் பின்னைப் பூட்டிவிட்டால் கப்ளரின் வாய் மூடிவிட்டதென்று தோன்றும். மூடவில்லை. கீழே குழி திறந்தபடிதான் இருக்கிறது. உங்கள் ட்ரெயிலருக்கு 2 அங்குலப் பந்து என்றால், கள்ளன் 1⅞ அங்குலப் பந்தைக் கொண்டுவருவான். அது சில கப்ளர்களில் பூட்டிய லாட்ச்சைத் தாண்டியே உள்ளே போய்விடும். முழுதாகப் போகாவிட்டாலும் கப்ளரைப் பந்தின் மேல் சாய்த்துவைத்துச் சங்கிலியால் இறுக்கிக் கட்டினால், அடுத்த பிளாசா வரை இழுக்கலாம். அவனுக்கு நானூறு கிலோமீற்றர் பாதுகாப்பாக ஓடவேண்டிய தேவை இல்லை. ஆக, கழற்றி விட்ட ட்ரெயிலரில் பூட்டு நிரப்ப வேண்டியது அந்தக் குழியை.

குழியை நிரப்பும் பூட்டுகள் பல விலைகளில் இருக்கின்றன. கடைகளில் அதிகம் தொங்குவது, கீழே பந்து மாதிரி ஒரு குமிழும் மேலே 'ப' வடிவக் கம்பியும் உள்ள வகை. குமிழைக் குழிக்குள் வைத்து, கம்பியை லாட்ச்சுக்கு மேலால் கொண்டுவந்து அமத்தினால் பூட்டிக்கொள்ளும். மஞ்சள், சிவப்பு நிறங்களில் பார்க்கத் தடிப்பாக இருக்கும். இதை வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை: கம்பி உருக்கு, ஆனால் பூட்டின் உடம்பு பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது.

அப்படி உடைந்த பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், கரடுமுரடான சீனிக்கட்டியை முறித்தது போலப் பொருக்குப் பொருக்காக இருக்கும். உருக்கு உடைவதற்கு முன் வளையும், இழுபடும், அதன் அடையாளம் தெரியும். இதில் வளைவே இருக்காது. கம்பியில் கீறல்கூட இல்லாமல், கம்பி நுழையும் துளையின் ஓரத்தில் உடம்பு மட்டும் வெடித்திருக்கும். துத்தநாக வார்ப்பின் அடிதாங்கும் சக்தி குளிரில் வெகுவாகக் குறைந்துவிடும். ஜூலையில் நாலைந்து அடி தாங்குகிற பூட்டு, ஜனவரியில் இருபது பாகை மைனஸில் ஒரே சுத்தியல் அடியில் போய்விடலாம். நமது நாட்டுக் குளிரில் இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோய் உடம்பில் ஒட்டிப் பாருங்கள். துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் ஒட்டாது. சிலர் வார்ப்புக்கு மேல் மெல்லிய உருக்குத் தகடு சுற்றி விற்கிறார்கள், ஆகவே இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள், பாரத்தையும் பாருங்கள்.

என் தெரிவு, கப்ளரின் முன்பகுதியையே மூடிக்கொள்ளும் முழு உருக்குப் பூட்டு. தடித்த தகட்டை வெல்டிங் செய்து, கப்ளரின் உதட்டைச் சுற்றிப் பிடிக்கும்படி செய்திருப்பார்கள். உள்ளே குழியை நிரப்பத் தடித்த கட்டை இருக்கும். பூட்டு வட்டமாக, அதன் கம்பி வெளியே தெரியாதபடி ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். போல்ட் கட்டர் வைக்க இடமில்லை, சுத்தியலுக்கு அடிக்க முனையில்லை. நூற்றைம்பது டொலருக்கு மேல் போகும், நல்லது இருநூறையும் தாண்டும். இவற்றைக் கப்ளரின் மொடலுக்கு ஏற்றபடிதான் வாங்க வேண்டும். ஆகவே முதலில் கப்ளரின் மேல் குத்தியிருக்கும் எழுத்துகளைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பந்தின் அளவு, தாங்கும் பாரம், செய்தவரின் மொடல் இலக்கம் எல்லாம் அங்கே இருக்கும்.

பிரித்தானியாவில் உள்ள உறவுக்காரர் அங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னால் கவனம். அங்கே பந்து 50 மி.மீ., எங்களுடைய 2 அங்குலம் 50.8 மி.மீ. கப்ளரின் வெளிவடிவமும் வேறு, பூட்டு பொருந்தாது. ஆனால் அங்குள்ள ஒரு நல்ல வழக்கம் சொல்லத்தான் வேண்டும். 1992 இல் தொடங்கிய சோல்ட் செக்கியூர் என்ற அமைப்பு, பூட்டுகளைக் கள்ளன் பாவிக்கும் ஆயுதங்களாலேயே தாக்கிப் பார்த்து, வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் போடுகிறது. இங்கே விற்கும் ஒரு சங்கிலியிலோ பூட்டிலோ அந்த முத்திரை இருந்தால், பெட்டியில் எழுதியிருக்கும் 'ஹெவி டியூட்டி' என்ற சொல்லைவிட அதை நம்பலாம்.

அடுத்தது திறப்பு நுழையும் பகுதி. வட்டக் குழாய் மாதிரித் திறப்பு உள்ள மலிவுப் பூட்டுகளை விட்டுவிடுங்கள். 2004 இல் அமெரிக்காவில் அந்த வகைச் சைக்கிள் பூட்டுகளைப் பிளாஸ்ரிக் பேனாக் குழாயால் திறந்து காட்டினார்கள். அதன்பிறகு திருத்தினார்கள் என்றாலும், மலிவுச் சாமானில் பழைய கதைதான். வட்டத் தகடுகள் சுழன்று திறக்கும் வகை நல்லது. 1907 இல் பின்லாந்தில் எமில் ஹென்றிக்சன் கண்டுபிடித்த முறை அது. உள்ளே ஸ்பிரிங் இல்லாததால் உப்பிலும் ஐஸிலும் மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் சிக்கும். இன்னொன்று, பூட்டின் முகத்திலேயே திறப்பு இலக்கம் குத்தியிருந்தால் அதை எழுதிவைத்துக்கொண்டு, இலக்கத்தை உரஞ்சி அழித்துவிடுங்கள். அந்த இலக்கத்தைச் சொல்லி யாரும் திறப்பு எடுப்பிக்கலாம்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை மிச்சம். கப்ளரே ட்ரெயிலரில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். முன்சட்டம் முக்கோணமாகச் சேர்கிற ட்ரெயிலர்களில் கப்ளர் பெரும்பாலும் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும், கவலையில்லை. நாக்கு, அதாவது முன்னால் நீளும் இழுவைச் சட்டம், ஒற்றைக் குழாயாக உள்ளவற்றிலும், உயரம் மாற்றக்கூடிய கப்ளர் உள்ள பெரிய ட்ரெயிலர்களிலும் அது இரண்டு போல்ட்டில்தான் நிற்கும். கள்ளன் உங்கள் இருநூறு டொலர்ப் பூட்டைத் தொடவே மாட்டான். இரண்டு நட்டைக் கழற்றி, பூட்டோடு சேர்த்துக் கப்ளரை உங்கள் புல்லில் போட்டுவிட்டு, தன்னுடைய கப்ளரைப் பொருத்திக்கொண்டு போவான்.

இதற்கு இறுக்கி முடியும்போது தலை முறிந்துவிடும் நட்டுகள் இருக்கின்றன. மிஞ்சுவது வழுக்கலான கூம்பு, ஸ்பானர் பிடிக்காது. வாங்கும்போது அதன் பலம் பழைய போல்ட்டின் தரத்துக்குக் குறையக்கூடாது. முழுப் பாரமும் அந்த இரண்டில்தான் தொங்குகிறது. நட்டை வெல்டிங் செய்து ஒட்டிவிடலாமே என்று பலர் கேட்பார்கள். நான் செய்துகொடுப்பதில்லை. கிறேட் 8 என்ற உயர்பலத் தரப் போல்ட்டுக்குப் பதம் ஏற்றியிருக்கிறது, வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். களவைத் தடுக்கப்போய் 401 நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் கழன்று ஓடினால், அது பின்னால் வருகிற குடும்பத்தின் உயிர்.

ஹிட்ச் ஒரு வழி மட்டுமே. கப்ளர் பூட்டியிருந்தாலும் ட்ரெயிலரின் முன்னால் தொங்கும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைப் பிக்கப்பில் கொளுவி இழுக்கலாம். நாக்கு நிலத்தில் உரஞ்சும், அவனுக்கு என்ன? அதனால் இரண்டாவது பூட்டு சில்லுக்கு. டயரைச் சுற்றிப் பிடித்து, றிம்மின் ஓட்டைக்குள்ளால் ஒரு கம்பி போகிற கிளாம்ப் வாங்குங்கள். சில்லின் நட்டுகளை மூடும் தகடு அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில்லையே கழற்றி வேறு சில்லைப் போட்டுவிடுவான். உங்கள் அளவு ட்ரெயிலர்களில் அதிகம் வருவது 3,500 இறாத்தல் அச்சு, ஐந்து நட்டு, 4½ அங்குல வட்டம். இது மிகச் சாதாரணமான அளவு, யாரிடமும் ஒரு சில்லு கிடைக்கும். சில்லைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் காணும் என்கிற ஆலோசனை இதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகிறவர் அதை ஒரு கிழமைக்கு மேல் செய்யவும் மாட்டார்.

சங்கிலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாரம் கட்டுகிற சங்கிலி வேறு, களவைத் தடுக்கிற சங்கிலி வேறு. முதலாவது இழுபட்டுத் தாங்க வேண்டும், அதனால் அதைக் கடினப்படுத்துவதற்கு எல்லை உண்டு. நீண்ட கைபிடிப் போல்ட் கட்டரில் அகப்பட்டுவிடும். இரண்டாவதன் கண்ணிகள் சதுரமாகவோ அறுகோணமாகவோ, வெளிமுகம் கடினப்படுத்தப்பட்டிருக்கும். 13 மி.மீ. தடிப்புக்குக் குறைய எடுக்க வேண்டாம். சட்டத்தையும் சில்லையும் சுற்றி, நிலத்தில் படாமல் உயரத்தில் இறுக்கமாகக் கட்டுங்கள். நிலத்தில் கிடக்கிற சங்கிலியில் கட்டரின் ஒரு கையை நிலத்தில் ஊன்றி மற்றதன் மேல் ஏறி மிதிக்கலாம்.

அதை எதில் கட்டுவது என்பதுதான் சிக்கல். தார் போட்ட டிரைவ்வேயில் நங்கூரம் அடித்தால் நிற்காது, கோடையில் தார் இளகும், பிடுங்கிவிடுவான். கொங்கிறீட் என்றால் போல்ட் அடிக்கலாம். இல்லாவிட்டால் உருக்குக் குழாயை நட்டுக் கொங்கிறீட் ஊற்ற வேண்டும். தெற்கு ஒன்ராறியோவில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே, அதாவது 1.2 மீற்றர், நாலு அடி வரை போகாவிட்டால் இரண்டு குளிர்காலத்தில் உறைபனி அதை மேலே தள்ளிவிடும். தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற நிலத்தடி லைன் அறிவிப்புச் சேவைக்கு அறிவியுங்கள். வந்து காஸ், ஹைட்ரோ (மின்சார) லைன்களை இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள், அது சட்டமும்கூட.

பற்றரியில் ஓடும் கிறைண்டரை எந்தப் பூட்டும் கடைசிவரை எதிர்க்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மி.மீ. வெட்டுத்தட்டு கடினமான கம்பியைக்கூட ஒன்றிரண்டு நிமிஷத்தில் அறுக்கும். ஆனால் அது கத்தும், பொறி பறக்கும். ஹிட்ச்சில் ஒன்று, சில்லில் ஒன்று, நங்கூரத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் அறுக்க வேண்டுமென்றால், பெரும்பாலானவன் அடுத்த தெருவுக்குப் போவான். அந்தச் சத்தம் யாருக்காவது கேட்கும்படி ட்ரெயிலரை நிறுத்துங்கள். நாக்கு வீட்டுச் சுவர்ப் பக்கம், பின்பக்கம் வீதிக்கு. அதற்கும் வீதிக்கும் இடையில், வழியை மறித்தபடி உங்கள் வாகனம். இதற்குக் காசு செலவில்லை, நான் முதலில் செய்யச் சொல்வதும் இதைத்தான்.

குளிர்காலப் பராமரிப்பு: பூட்டின் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், ரப்பர் மூடி இருந்தால் மூடுங்கள். சமையல் எண்ணெயோ கிறீஸோ விட வேண்டாம், குளிரில் கட்டியாகித் தூசியைப் பிடிக்கும். கிராஃபைற் தூள் அல்லது ரெஃப்லோன் கலந்த உலர் ஸ்பிறே போதும். உறைந்துவிட்டால் சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது, அது அடுத்த மணித்தியாலத்தில் இன்னும் பலமாக உறையும். பூட்டு உறைவுநீக்கி ஸ்பிறேயைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். வாகனத்துக்குள் வைத்தால், தேவைப்படும் நேரத்தில் வாகனக் கதவே உறைந்திருக்கும்.

பூட்டுக்கு நிகராக முக்கியமானது, ட்ரெயிலர் உங்களுடையதென்று நிரூபிப்பது. முன்சட்டத்தில் தகடாக இருக்கும் 17 எழுத்து வின் (VIN) என்ற வாகன அடையாள இலக்கத்தைப் படமெடுங்கள். அந்தத் தகட்டைப் பிடுங்கிவிட்டு, வீட்டில் செய்த ட்ரெயிலர் என்று சொல்லி விற்பார்கள். அதனால் அதே இலக்கத்தைச் சட்டத்தில் வெளியே தெரியாத இரண்டு இடத்தில் எழுத்துக் குத்தும் பஞ்ச்சால் குத்துங்கள். அசல் தகட்டைத் தொட வேண்டாம். பக்கப் பலகையில் உங்கள் தொழிலின் பெயரைப் பெரிதாகப் பெயின்ற்றில் எழுதுங்கள், ஸ்ரிக்கர் வேண்டாம்.

ட்ராக்கர் வைப்பதென்றால், ஏர்டேக் போன்ற சிறிய வில்லைகள் மலிவு. ஆனால் அவை தெரியாதவரின் தொலைபேசிக்கு "உங்களோடு ஒன்று பயணிக்கிறது" என்று அறிவிப்புக் கொடுக்கும். ஒருவரைத் துரத்துவதைத் தடுக்கச் செய்த நல்ல ஏற்பாடு, கள்ளனுக்கும் உதவிவிடுகிறது. சிம் உள்ள ஜி.பி.எஸ். கருவி அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆனால் குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், மாதக் கட்டணமும் உண்டு. உங்கள் நிலையில் மெஷின்களோடு சேர்த்து ட்ரெயிலர் நிற்பதால் ஜி.பி.எஸ். கருவிதான் பெறுமதி. மூடிய இரும்புப் பெட்டிக்குள் வைக்காமல், பலகைத் தளத்தின் கீழே சட்டத்தின் உட்பக்கம் வையுங்கள்.

காப்புறுதி முகவரோடு இந்தக் கிழமையே பேசுங்கள். ட்ரெயிலரின் களவுக்கு உங்கள் வாகனக் காப்புறுதியில் தனியாக எழுதியிருக்கிறதா, உள்ளே இருக்கும் தொழிற்கருவிகள் எதில் அடங்கும் என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொழிலுக்குப் பாவிக்கும் மெஷின்களுக்கு வீட்டுக் காப்புறுதியில் எல்லை வைத்திருப்பார்கள்.

போய்விட்டால், உடனே யோர்க் பிராந்தியப் பொலிஸுக்கு வின் இலக்கத்தோடும் இலக்கத்தகட்டோடும் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அது கனடிய பொலிஸ் தகவல் மையத்தின் பதிவில் ஏறும். பழைய ட்ரெயிலர் வாங்குகிறவர்கள் காசு கொடுக்குமுன் வின் இலக்கத்தை அந்த மையத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். விற்பனைத் தளங்களில் உங்கள் ட்ரெயிலரையோ, தொலைபேசியில் ஜி.பி.எஸ். புள்ளியையோ கண்டால், அந்த முகவரிக்கு நீங்களோ தம்பிமாரோ போக வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லிப் பொலிஸைக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை வீட்டிலேயே இருங்கள்.